ஒரே சட்டியைச் சுற்றி

“ட்ரீட் எங்கே?”

கடந்த வருடம் எங்கள் வகுப்பறையில் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பாடத்தில் சந்தேகம் கேட்டதைவிட இதைத்தான் நாங்கள் கூடுதலாகக் கேட்டிருப்போம். வகுப்பில் 34 பேர். யாருக்காவது பிறந்தநாள் என்றால், அவள் புத்தகப் பையைக் கழற்றி வைக்கும் முன்பே நாலு பேர் சூழ்ந்துகொள்வோம். தரம் 9இல் படிக்கும்போது ஆளுக்கொரு டொபி போதுமாக இருந்தது. தரம் 10இல் அது சொக்லேட் ஆனது. அதன் பிறகு எந்தக் கம்பனியின் சொக்லேட் என்று உறையைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினோம். ஒருத்தி கேக் கொண்டுவந்தாள். அடுத்தவள் அதைவிடப் பெரிய கேக் கொண்டுவந்தாள்.

பிறந்தநாள் கொண்டாடலாமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. அதைப் பற்றிச் சொல்ல அறிவுள்ளவர்கள் இருக்கிறார்கள். வகுப்பறையில் நடப்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்களில் ஒருத்தி தன் பிறந்தநாளன்று பாடசாலைக்கு வரவில்லை. மறுநாள் வந்து, காய்ச்சல் என்றாள். “அப்ப ட்ரீட் எங்கே?” என்று முதலில் கேட்டவள் நான்தான். அவள் சிரித்தாள். மூன்று மாதங்கள் கழித்து, உக்குவளைப் புகையிரத நிலையத்துப் பக்கமாக இருவரும் நடந்து வரும்போது அவளாகவே சொன்னாள்:

“அண்டைக்குக் காய்ச்சல் இல்ல. முப்பத்து நாலு பேருக்கு வாங்க உம்மாட்ட கேக்க மனசு வரல்ல.”

அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவள் பெயர் வேண்டாம். அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன். 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற வீடுகள்தான் நம் எல்லோருடைய வீடுகளும். அந்த வரிசைகள் போய்விட்டன. பல வீடுகளில் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் நிலை போகவில்லை. அது தெரிந்திருந்தும் நாம் ஒரு பிள்ளையை அவளுடைய பிறந்தநாளன்றே பாடசாலைக்கு வர விடாமல் செய்திருக்கிறோம்.

கொடுப்பதும் பகிர்வதும் நல்லவை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒருத்தி கொடுக்க, 33 பேர் வாங்கி, போன வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பகிர்தல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரும் சிறிது கொண்டுவந்து, எல்லோரும் ஒரே பாத்திரத்தில் உண்ணும் ஒரு வழி வேண்டும். அப்படி ஒன்றை நாங்கள் செய்து பார்த்தோம். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அதன் பெயர் ஃபொண்டூ. பிரெஞ்சு மொழியில் ‘உருகியது’ என்று பொருள். சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதிகளில், இறுகிப்போன பாற்கட்டியை ஒரு சட்டியில் உருக்கி, நீண்ட முள்ளுக்கரண்டியில் காய்ந்த பாண் துண்டுகளைக் குத்தித் தோய்த்து, எல்லோரும் சுற்றியிருந்து உண்பார்கள். பாண் துண்டைச் சட்டிக்குள் தவறவிட்டவருக்குத் தண்டம் உண்டாம். அதில் திராட்சை மது சேர்ப்பது அவர்கள் வழக்கம். நமக்கு அது ஆகாது. ஆனால் 1960களில் நியூயோர்க்கிலிருந்த ஒரு சுவிஸ் உணவகம் பாற்கட்டிக்குப் பதிலாகச் சொக்லேட்டை உருக்கிப் பழத்துண்டுகளோடு பரிமாறத் தொடங்கியது. அந்தச் சொக்லேட் ஃபொண்டூவுக்கு மது தேவையே இல்லை. அதில் கச்சானை அரைத்துச் சேர்ப்பதும் இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கடையில் பீனட் பட்டர் என்று போத்தலில் விற்கிறார்களே, அது அரைத்த கச்சான்தான்.

முதல் தடவை எங்கள் வீட்டில், ஒரு விடுமுறை நாளில், எட்டுப் பேர் சேர்ந்து செய்தோம். சட்டியை நடுவில் வைத்து எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்பதைக் கண்ட உம்மும்மா கதவருகில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இது நம்மட சஹன்தானே புள்ள. சோறு மட்டும் இல்ல.”

நான் அதுவரை அப்படி நினைத்துப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டிலும் கந்தூரியிலும் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருகிறோம். பக்கத்திலிருப்பவர் யாரென்று சில வேளை தெரியாது. பணக்காரருக்குத் தனிச் சஹன் கிடையாது. தன் பக்கத்துச் சோற்றைத்தான் எடுக்க வேண்டும், நடுவிலிருக்கும் இறைச்சியை அடுத்தவருக்கும் தள்ளிவிட வேண்டும் என்று சின்ன வயதிலேயே சொல்லித் தருகிறார்கள். இப்படி வளர்ந்த நாம்தான் வகுப்பறைக்குள் வந்ததும் உறையைத் திருப்பிப் பார்க்கிறோம்.

“சொக்லேட் விலை தெரியாமல் பேசுகிறாயே” என்று ஒரு தோழி கேட்டாள். தெரியும். 2024இல் உலகச் சந்தையில் ஒரு தொன் கொக்கோவின் விலை முதன்முறையாக 10,000 டொலரைத் தாண்டியது. உலகத்துக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரண்டு மேற்கு ஆபிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே காலநிலை பிழைத்து, மரங்களில் நோயும் பரவியதால் விளைச்சல் குறைந்தது. அதன் விளைவு நம் ஊர்க் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் அந்தக் கொக்கோ மரம் நமக்கு அந்நியமானதல்ல. 1869இல் இலங்கையின் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டு தோட்டங்கள் அழியத் தொடங்கியபோது, தோட்டத்துரைமார் தேயிலை, சின்கோனா, கொக்கோ என்று பல பயிர்களை நட்டுப் பார்த்தார்கள். மாத்தளைப் பக்கத்து மண்ணும் நிழலும் ஈரமும் கொக்கோவுக்குப் பிடித்துவிட்டன. இன்றும் மிளகுக் கொடிக்கும் பாக்கு மரத்துக்கும் நடுவே ஒரு கொக்கோ மரம் நிற்கும் வீட்டுத் தோட்டங்கள் நம் பகுதியில் உண்டு. வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அடிமரத்திலேயே காய் தொங்குவதைக் கண்டு படம் எடுக்கிறார்கள். நாம் அதைத் தாண்டி நடந்து கடைக்குப் போய்ச் சொக்லேட் வாங்குகிறோம்.

எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவின் தோட்டத்தில் இரண்டு மரங்கள் இருக்கின்றன. குரங்குக்கும் அணிலுக்கும் போக மிஞ்சுவதுதான் அவருக்கு. ஒரு காயை வெட்டித் தந்தார். உள்ளே வெள்ளைச் சதை மூடிய முப்பது, நாற்பது விதைகள். சதை இனிப்பும் புளிப்புமாக இருந்தது. விதையைக் கடித்தால் ஒரே கசப்பு. சொக்லேட் வாசனை துளியும் இல்லை. விதைகளைச் சதையோடு குவித்து வாழையிலையால் மூடி, சில நாட்கள் புளிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து அரைத்தால்தான் அந்த வாசனை வரும் என்று அவர் விளக்கினார். வீட்டு மிக்ஸியில் அது கடைச் சொக்லேட் மாதிரி மழமழவென்று அரைபடாது. ஆகவே நாங்களும் கடையில்தான் வாங்கினோம். இருந்தாலும் கொக்கோ எங்கள் வேலிக்கு அப்பால் விளையும் ஒன்று என்று தெரிந்த பிறகு, சொக்லேட்டைப் பெரிய இடத்துப் பொருளாகப் பார்க்கும் எண்ணம் எனக்குப் போய்விட்டது. உறையைப் பார்த்துத் தோழியை எடைபோட்ட புத்தியும் அதோடு போகட்டும்.

இனிச் செய்முறை. எட்டுப் பேருக்கு 200 கிராம் கறுப்புச் சொக்லேட், 200 மில்லிலீற்றர் கெட்டித் தேங்காய்ப்பால், ஆறு மேசைக்கரண்டி அரைத்த கச்சான், இரண்டு மேசைக்கரண்டி கித்துள் பாணி, ஒரு சிட்டிகை உப்பு, சிறிது கறுவாத்தூள். தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசுப்பாலும் சேர்க்கலாம்.

கச்சானை இளஞ்சூட்டில் வறுத்துத் தோலை ஊதிவிட்டு மிக்ஸியில் போட வேண்டும். முதலில் தூளாகும். பிறகு உருண்டு திரளும். பழுதாகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. இடையிடையே நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு அரைத்துக்கொண்டே இருந்தால், கச்சானின் சொந்த எண்ணெய் வெளியே வந்து பசையாகும். கச்சானில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய்தான். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அந்தப் பூஞ்சணம் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். வறுத்தாலும் அது முழுவதும் போகாது.

பாலைச் சூடாக்கி, கொதிக்கும் முன்பே இறக்கி, சிறு துண்டுகளாக வெட்டிய சொக்லேட்டை அதில் போட்டு இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு நடுவிலிருந்து மெதுவாகக் கலக்குங்கள். கச்சானையும் பாணியையும் உப்பையும் கறுவாத்தூளையும் கடைசியில் சேர்க்கலாம். சொக்லேட்டை நேரடியாக நெருப்பில் வைத்தால் கருகும். தனியாக உருக்கும்போது ஈரக் கரண்டியிலிருந்து ஓரிரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கட்டியாக இறுகிவிடும். ஆனால் ஒரு கோப்பைப் பாலோடு சேர்த்தால் இறுகாது. சொட்டுத் தண்ணீரில் கொக்கோத் தூள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பால் நிறைய இருந்தால் எல்லாம் அதில் கலந்து குழம்பாகிவிடுகிறது. விஞ்ஞானப் பிரிவுத் தோழியர் இதை இன்னும் நன்றாக விளக்குவார்கள்.

மண்சட்டி சூட்டை வைத்திருக்கும். ஆறிப்போனால் சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சிறிது நேரம் வையுங்கள். விசேடமான அடுப்பு ஒன்றும் தேவையில்லை.

வாங்கும்போது ஒரு விடயத்தைக் கவனியுங்கள். உறையில் ‘கொக்கோ லிக்கர்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு என் தங்கச்சி பயந்துபோய்ச் சொக்லேட்டைத் திருப்பி வைத்துவிட்டாள். கொக்கோ விதையை வறுத்து அரைத்த கூழுக்குத்தான் அந்தப் பெயர். அதில் மது இல்லை. ஆனால் சில வெளிநாட்டுச் சொக்லேட்டுகளுக்குள் உண்மையாகவே மது நிரப்பியிருப்பார்கள். ஆகையால் உறையில் எழுதியிருப்பதை முழுவதும் வாசித்து, ஹலால் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

தோய்த்து உண்ண ஒவ்வொருவரும் வீட்டிலுள்ளதைக் கொண்டுவந்தார்கள். கோழிக்கூட்டு வாழைப்பழம், அன்னாசி, பப்பாசி, ரஸ்க், மாரி பிஸ்கட். ஒருத்தி அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாள். எல்லோரும் சிரித்தோம். முதலில் தீர்ந்தது அதுதான். நம்பாதவர்கள் செய்து பாருங்கள்.

அதன் பிறகு வகுப்பாசிரியையிடம் அனுமதி பெற்று வகுப்பிலும் செய்தோம். அந்த மாதத்தில் பிறந்த மூவருக்கும் சேர்த்து ஒரே நாள். 34 பேருக்கு 400 கிராம் சொக்லேட், 400 மில்லிலீற்றர் தேங்காய்ப்பால், 200 கிராம் கச்சான். எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஆளுக்கு 30 கிராம் அளவில் கிடைக்கும். அதற்கு மேல் கேட்டால் திகட்டும். பணத்தை ஒரு பேணியில் போட்டோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதவில்லை, கேட்கவும் இல்லை. எட்டு, ஒன்பது பேருக்கு ஒரு சட்டி என்று நான்கு சட்டிகள். யார் எந்தச் சட்டி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். இல்லாவிட்டால் வழமையான கூட்டாளிகளே ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். துண்டைச் சட்டிக்குள் தவறவிட்டவர்கள் பாத்திரம் கழுவ வேண்டும் என்று ஒரு தண்டமும் வைத்தோம். நான்தான் கழுவினேன்.

இதற்கு மறுப்புகள் உண்டு. எல்லோரும் ஒரே சட்டியில் தோய்ப்பது சுத்தமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கொரோனாக் காலம் நமக்கு மறக்கவில்லை. கடித்த துண்டை மீண்டும் தோய்க்கக் கூடாது என்ற விதியை முதலிலேயே சொல்லிவிட்டோம். தென்னை ஈர்க்கைத் துண்டாக்கிக் கழுவி, வெந்நீரில் அவித்து ஆளுக்கொன்று கொடுத்தோம். தடிமன், இருமல் உள்ளவர்களுக்குச் சிறு கோப்பையில் முதலிலேயே ஊற்றிக் கொடுத்தோம். அவர்களும் வட்டத்தில்தான் உட்கார்ந்தார்கள்.

இது வெளிநாட்டு நாகரிகம் என்றும் சொன்னார்கள். பெயர் வெளிநாட்டுடையதுதான். கச்சானும் கொக்கோவும்கூடத் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவைதான். கச்சான் இன்று மொனராகலைச் சேனைகளில் விளைகிறது, கொக்கோ நம் வீட்டுக்குப் பின்னால் விளைகிறது. அவற்றை அந்நியம் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் மூன்றாவது ஒரு மறுப்பு இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வகுப்பில் செய்த அன்று ஒருத்தி மட்டும் எதையும் தொடாமல் இருந்தாள். பசியில்லை என்றாள். நான் வற்புறுத்தினேன். “ஒரு துண்டு சாப்பிட்டா ஒண்டும் ஆகாது” என்றுகூடச் சொன்னேன். பிறகுதான் அவள் தயங்கிச் சொன்னாள். கச்சான் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் ஒரு முறை சாப்பிட்டு உதடு வீங்கி, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம்.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. கச்சான் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சிறு துளிகூட உயிராபத்தாகலாம். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவு தெரிந்த நான் செய்வதற்கு முன் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரையும் விட்டுவிடக் கூடாது என்று தொடங்கிய காரியத்திலேயே ஒருத்தியை விட்டுவிட்டேன். அவளும் மற்றவளைப் போலவே சிரித்து மழுப்பியிருக்கிறாள். நம் பிள்ளைகள் இப்படித்தான். தங்களால் பிறருக்குச் சிரமம் வரக்கூடாது என்று பசியில்லை என்பார்கள், காய்ச்சல் என்பார்கள். கேட்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.

அடுத்த மாதம் அவளுக்கு மட்டும் தனிச் சட்டி வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. தனிச் சட்டி என்றால் மறுபடியும் தனியாக உட்காருவதுதானே? நான்கு சட்டியிலும் கச்சானை விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாகத் தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து, எண்ணெய் விடும்வரை அரைத்துச் சேர்த்தோம். எங்கள் மிக்ஸியில் கச்சான் ஒட்டியிருக்கலாம் என்பதால் மாமி வீட்டு மிக்ஸியை இரவல் வாங்கினோம். சொக்லேட் உறையிலும் கச்சான் கலந்திருக்கலாம் என்ற குறிப்பு இல்லாததாகத் தேடி வாங்கினோம். கொண்டுவருகிற தின்பண்டத்திலும் கச்சான் கூடாது என்று எல்லோருக்கும் சொன்னோம். ருசி கொஞ்சம் குறைவுதான். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று 34 பேரும் சாப்பிட்டார்கள்.

மற்ற வகுப்புத் தோழியருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஃபொண்டூதான் செய்ய வேண்டும் என்றில்லை. பால்சோறோ, நோன்புக் கஞ்சியோ எதுவாகவும் இருக்கலாம். மாதத்துக்கு ஒரு நாள், எல்லோருக்கும் சேர்த்து வையுங்கள். பணத்தைப் பேணியில் போடுங்கள், கணக்கு எழுதாதீர்கள். எதைச் செய்வதென்று முடிவெடுக்கும் முன், “யாருக்காவது ஏதாவது ஒத்துக்கொள்ளாதா?” என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். “ட்ரீட் எங்கே?” என்ற கேள்வியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

புகையிரத நிலையத்துப் பாதையில் என்னோடு நடந்த தோழிக்கு அடுத்த மாதம் மீண்டும் பிறந்தநாள் வருகிறது. போன கிழமை அவளாகவே என்னிடம் கேட்டாள், இந்த முறை தங்கள் தோட்டத்துப் பப்பாசி எத்தனை கொண்டுவரட்டும் என்று.